ஈர நாட்டில் போனிடெயில் பாம்: எவ்வளவு நீர் என்ற கேள்வியும் அதன் விடைகளும்

போனிடெயில் பாம் செடிக்கு எவ்வளவு நீர் ஊற்ற வேண்டும்? 1861இல் இச்செடி ஐரோப்பியத் தாவரவியலுக்கு அறிமுகமான நாள் முதல் இதற்கு விடை சொல்லப்பட்டு வருகிறது. விடை சொன்னவர்கள் பெரும்பாலும் பெல்ஜியத்தின் கண்ணாடி வீடுகளிலும், அமெரிக்காவின் வறண்ட தோட்டங்களிலும், புளோரிடாவின் மணல் நிலத்திலும் இருந்து பேசியவர்கள். ஜொகூரின் ஆயர் ஈத்தாமில் இதை வளர்ப்பவருக்கு அவற்றில் எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆயர் ஈத்தாமை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. பத்து பஹாட் மாவட்டத்தைச் சேர்ந்த இச்சிற்றூரில் கூட்டரசு சாலை 1ம் 50ம் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெறும்வரை கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய பேருந்துகள் நின்று இளைப்பாறிய இடம் இது. பயணிகளை நம்பி எழுந்த வணிகங்களில் இன்றுவரை பேர் சொல்லி நிற்பது மட்பாண்டம். மச்சாப் பக்கம் ஆவ் எங் குவாங் தொடங்கிய சூளை இவ்வட்டாரத்தின் அடையாளங்களில் ஒன்று. பூச்சாடி வாங்குபவர் அதில் வைக்க ஒரு செடியையும் தேடுவார். அடி பருத்து, தலையில் இலைகள் ஊற்றாக வழியும் இச்செடி அழகிய சாடிக்கென்றே பிறந்ததுபோல் தோன்றும். சாடி, களிமண், ஓயாத மழை மூன்றும் கூடும் இந்த ஊரில்தான் நீர் பற்றிய பழைய விடைகள் ஒவ்வொன்றும் கடுமையான சோதனைக்கு உள்ளாகின்றன.

பாலைவனச் செடி என்ற கருத்து

பேரில் பனை இருந்தாலும் இது பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. இன்றைய வகைப்பாட்டில் இது தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பத்தில் வைக்கப்பட்டுள்ளது. நம் ஊர் மருளும் வீட்டுக்குள் வளர்க்கும் டிரசீனாவும் இதன் நெருங்கிய உறவுகள். பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் தோட்டக்கலை இதழ் நடத்திய ஷார்ல் லெமேர் 1861இல் இதற்குப் பியூகார்னியா ரெகர்வேட்டா என்று பெயரிட்டார். 1884இல் ஹெம்ஸ்லி இதை நோலினா பேரினத்துக்கு மாற்றினார். இந்திய நர்சரிகளில் இன்றும் இதை நோலினா என்று விற்பதற்கு அந்த மாற்றமே காரணம். மரபணு ஒப்பீட்டின் அடிப்படையில் 2014இல் வெளிவந்த ஓர் ஆய்வு பியூகார்னியா தனிப் பேரினமே என்று மீண்டும் நிறுவியது.

வகைப்பாட்டு வரலாறு வளர்ப்பவருக்கு எதற்கு என்று கேட்கலாம். வகைப்பாட்டோடு சேர்ந்து வளர்ப்பு முறையும் இடம் மாறியது என்பதே பதில். நோலினாக்கள் பல, மெக்சிகோவின் வடபகுதியிலும் அமெரிக்காவின் தென்மேற்கிலும் உள்ள உண்மையான வறண்ட நிலத்துக்கு உரியவை. 1911இல் மிசௌரி தாவரவியல் பூங்காவின் இயக்குநர் வில்லியம் டிரிலீஸ் இந்தக் கூட்டம் முழுவதையும் ஒருசேர ஆராய்ந்து எழுதியபோது, தலைப்பிலேயே அதைப் பாலைவனக் கூட்டம் என்று குறித்தார். அவருடைய வகைப்பாட்டுப் பணி பெரிது. ஆனால் அந்தத் தலைப்பின் நிழலில் போனிடெயில் பாமும் கள்ளிச் செடிகளின் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது என்று கருத இடமுண்டு. கள்ளி வளர்ப்போர் இதையும் தம் செடியாக ஏற்றார்கள். மாதம் ஒருமுறை நீர் போதும், மறந்துவிட்டாலும் பாதகமில்லை என்ற அறிவுரை அங்கிருந்து பரவியது.

இக்கருத்துக்கு உடற்கூறு துணை நிற்கிறது. பருத்த அடியில் உள்ள மென்திசு நீரைத் தேக்குகிறது. நன்கு வேரூன்றிய பெரிய செடி பல வாரங்கள் நீரின்றித் தாங்கும். நீரின்மையால் செத்த செடியைவிட நீர் மிகுந்து அழுகிய செடியே அதிகம் என்பதில் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை. ஆனால் தாங்கும் என்பதும் விரும்பும் என்பதும் ஒன்றல்ல. நீண்ட நாள் காயவிட்ட செடியின் இலை நுனிகள் கருகும், புதிய இலை வருவது நிற்கும், அடி சுருங்கி வரிவிழும். இளஞ்செடியிடம் சேமிப்பே குறைவு. அதற்கு இந்த அறிவுரை தீங்காகவே முடியக்கூடும்.

தாயகம் தரும் சாட்சி

பாலைவனக் கருத்தின் பெரிய பலவீனம், செடி இயற்கையாக வளரும் இடம் பாலைவனமன்று என்பதே. வெராகுரூஸ், தமௌலிபாஸ், சான் லூயிஸ் பொத்தோசி முதலிய கிழக்கு மெக்சிகோ மாநிலங்களின் இலையுதிர் வெப்பமண்டலக் காடுகள் இதன் தாயகம். அங்கே இதை யானைக்கால் என்று அழைக்கிறார்கள். பாறை வெடிப்புகளில் வேரைச் செலுத்தி, செங்குத்துச் சரிவுகளில் நின்று, முதிர்ந்த மரங்கள் 10 மீட்டரைத் தாண்டியும் வளர்கின்றன.

அந்தக் காட்டில் மழை குறைவு என்று சொல்ல முடியாது. வெராகுரூஸ் துறைமுக நகரில் ஆண்டுக்கு 1,500 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்கிறது. சென்னையில் சராசரியாகப் பெய்வதைவிட அது கூடுதல். செடி நிற்கும் உட்பகுதிச் சரிவுகளில் அளவு குறையலாம் என்றாலும், பாலைவனம் என்று பேசும் நிலை எங்குமில்லை. ஜொகூரின் தென்பகுதிக்கும் பொருந்தக்கூடிய நீண்டகாலப் பதிவுள்ள சிங்கப்பூரில் ஆண்டு மழை 2,100 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. இரண்டு ஊர்களின் மொத்த மழைக்கும் இடையே வேறுபாடு உண்டு. ஆனால் ஒரு செடி பிழைப்பதா அழுகுவதா என்று தீர்மானிக்கும் அளவுக்குப் பெரியதாகத் தெரியவில்லை.

வேறுபாடு மழையின் அளவைவிட அதன் பங்கீட்டில்தான் பெரிதாக இருக்கிறது. வெராகுரூஸ் மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் அக்டோபருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு அரையாண்டுக்கு மேல் காடு காய்ந்து இலையுதிர்க்கும். அடியில் தேக்கிய நீரோடு இச்செடி அந்தக் காலத்தைக் கடக்கும். சிங்கப்பூரிலோ 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி எந்த மாதமும் 100 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்குவதில்லை. இதோடு சரிவும் பாறையும் சேர்கின்றன. மெக்சிகோ மலைச்சரிவில் பெய்யும் பெருமழை சில மணி நேரத்தில் வேரைக் கடந்து ஓடிவிடும். ஆயர் ஈத்தாமின் செம்மண்ணிலும் களிமண்ணிலும் அதே மழை நாள்கணக்கில் தங்கும்.

ஆகவே எவ்வளவு நீர் என்பதைவிட, நீர் வேரருகே எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே சரியான கேள்வியாகத் தோன்றுகிறது. காரணம் எளிய இயற்பியல். ஆக்ஸிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவும். மண்ணின் துளைகள் நீரால் நிறைந்தால் வேர் மூச்சு முட்டும். முட்டிய வேரில் பித்தியம், ஃபைட்டோஃப்தோரா போன்ற நோய்க்காரணிகள் நுழையும். ஜொகூரின் ஈரம் வெப்பமான ஈரம் என்பதை இங்கே மறக்கக் கூடாது. வெப்பத்தில் வேரும் மண்ணுயிர்களும் ஆக்ஸிஜனை வேகமாகச் செலவிடுகின்றன, நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனும் குறைகிறது. குளிர்ந்த நாட்டில் சில நாள் பொறுக்கும் தேக்கம் இங்கே விரைவில் கேடாக மாறலாம்.

கண்ணாடி வீட்டு மரபு

ஐரோப்பாவில் இச்செடி கண்ணாடி வீட்டிலும், பின்னர் வீட்டுக் கூடத்திலும் வளர்ந்தது. அங்கே உருவான விடை ஆண்டை இரண்டாகப் பிரித்தது: கோடையில் மண் காய்ந்ததும் நன்றாக ஊற்று, குளிர்காலத்தில் ஏறக்குறைய நிறுத்திவிடு. பாலைவனக் கருத்தைவிட இது தாயகத்தின் போக்கோடு ஒத்துப்போகிறது. வளரும் பருவம், ஓய்வுப் பருவம் என்ற பிரிவு இரண்டிலும் இருக்கிறது.

ஆயினும் இந்த மரபு மாதங்களின் பெயரால் பேசுகிறது. ஆயர் ஈத்தாம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் இருக்கிறது. பகற்பொழுது ஆண்டு முழுவதும் 12 மணி நேரத்தை ஒட்டியே நிற்கும், வெப்பமும் பெரிதாக மாறாது. ஐரோப்பியப் புத்தகம் ஊற்றாதே என்று சொல்லும் டிசம்பரிலும் ஜனவரியிலும்தான் இங்கே வடகிழக்குப் பருவமழை வலுக்கிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரைத் தாக்கிய வெள்ளம் இன்னும் நினைவில் இருக்கிறது. பருவமழை ஓயும் காலம் என்று நம்பப்படும் மார்ச்சிலும் உறுதியில்லை. 2023 மார்ச்சில் பத்து பஹாட் மாவட்டத்தின் பல பகுதிகள் வாரக்கணக்கில் நீரில் இருந்தன. நாட்காட்டியைப் பார்த்து ஓய்வு தருவது இங்கே நடக்காது. கூரையின் கீழ் வைத்தால் மட்டுமே வளர்ப்பவரால் வறட்சியை உண்டாக்க முடியும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் அறிவுரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சென்னை மாடித் தோட்டத்தில் இச்செடி நன்றாக இருக்கிறதென்றால், ஜனவரி முதல் மே வரை அங்கே வானமே வறட்சியைக் கொடுத்துவிடுகிறது. அங்கே கேள்வி எத்தனை நாளுக்கு ஒருமுறை ஊற்றுவது என்பது. ஜொகூரில் மழையை எப்படி விலக்குவது என்பது.

மழையில் விட்டுவிடும் வழக்கம்

மூன்றாவது விடை ஏட்டில் அதிகம் இல்லாதது, தரையில் காணக் கிடைப்பது. தெற்கு புளோரிடாவில் போனிடெயில் பாம் வீட்டு முற்றங்களில் நேரடியாக மண்ணில் நடப்பட்டு மரமாக நிற்கிறது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறை 1990களில் வெளியிட்ட மர அறிமுகத் தாள்களில் இதற்கும் இடமிருந்தது. வடிகால் நல்ல நிலம் வேண்டும், நீர் மிகுந்தால் வேரழுகல் வரும் என்ற குறிப்போடு திறந்த வெளி மரமாகவே அது பேசப்பட்டது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும்கூட இது திறந்த வெளியில், வானம் பார்த்து வளர்வதைக் காணலாம். ஈரமான காற்று மட்டும் இச்செடியைக் கொல்வதில்லை என்பதற்கு இவை வலுவான சான்று. முழு வெயிலில் நிற்கும் பெரிய செடி நாள்தோறும் கணிசமான நீரை இலைகளால் வெளியேற்றுகிறது. அதுவே மண்ணைக் காயவைக்கும் ஒரு வழி.

ஆனால் இந்த வாதத்தில் இரண்டு ஓட்டைகள் உள்ளன. முதலாவது, நம் கண்ணில் படுபவை பிழைத்தவை மட்டும். அழுகிய செடி பிடுங்கி எறியப்பட்டு அதன் இடத்தில் வேறொன்று வந்திருக்கும். நிற்கும் பத்தை வைத்து, நட்டவை எத்தனை என்று கணக்கிட முடியாது. இரண்டாவது, புளோரிடாவின் மண் மணலும் சுண்ணாம்புப் பாறையும் கலந்தது. அங்கே குளிர்காலம் வறண்டது. அந்த மரத்தைக் காட்டி ஆயர் ஈத்தாமின் களிமண்ணில் குழி தோண்டி நடச் சொல்வது துணிச்சலான முடிவு. தரையில் நடத்தான் வேண்டுமென்றால் மேடு கட்டி, கல்லும் பருமணலும் கலந்து, அடி முழுவதும் மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுவதே காப்பானது. பருத்த அடியை மண்ணில் புதைப்பது எந்தக் காலநிலையிலும் தவறு. இங்கே அது செடிக்கு நேரும் முதல் ஆபத்து.

வடிகால், சாடி, ஓட்டுச்சில்லு

நான்காவது விடை நீரின் அளவைப் பேசாமல் மண்கலவையையும் சாடியையும் பேசுகிறது. மேலே கண்ட சான்றுகளுக்கு மிக அருகில் வருவது இதுவே. மட்பாண்டம் செய்யும் ஊரில் இது விரிவாகப் பார்க்கத் தக்கது. இங்கே நிலவும் நம்பிக்கைகளில் சரியும் தவறும் பின்னிக் கிடக்கின்றன.

சாடியின் அடியில் ஓட்டுச்சில்லோ சரளைக்கல்லோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். மண் இயற்பியல் இதை ஏற்கவில்லை. 1950களின் இறுதியில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வால்டர் கார்டனர், மண்ணுக்குள் நீர் நகர்வதைப் படமெடுத்துக் காட்டினார். நுண்ணிய மண்ணில் இறங்கும் நீர், பெரிய துளைகள் உள்ள அடுக்கைத் தொட்டதும் உடனே அதற்குள் விழுவதில்லை; மேலடுக்கு நிறைந்து வழியும்வரை எல்லையிலேயே நிற்கிறது. எந்தச் சாடியிலும் அடியில் ஒரு ஈரப்பட்டை தங்கும். சில்லு பரப்பினால் அந்தப் பட்டை மறையாது, வேர் இருக்கும் உயரத்துக்கு ஏறிவிடும். துளையை மண் அடைக்காமலிருக்க ஒரு வலைத்துண்டோ ஒற்றைச் சில்லோ போதும்.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். பருத்த அடியைக் காட்சிப்படுத்த போன்சாய் பாணியில் தட்டையான சாடியில் வைப்பது இன்று பரவியுள்ள அழகியல். அதே கலவையில் ஈரப்பட்டையின் உயரம் சாடிக்குச் சாடி மாறாது. ஆகவே தட்டைச் சாடியில் வேர்மண்ணின் பெரும்பங்கு அந்தப் பட்டைக்குள் அகப்பட்டுவிடும். சிறிய சாடியில் நெருக்கி வை என்ற பழைய அறிவுரை சரிதான், ஆனால் சிறியது என்பது குறுகலாகவும் போதிய ஆழத்தோடும் இருக்க வேண்டும். தட்டைச் சாடியே வேண்டுமென்பவர் கூரைக்குக் கீழே வைத்து, கலவையில் நுண்பொருளை மிகக் குறைக்க வேண்டும்.

மெருகிட்ட சாடியா, மெருகிடாத மண்சாடியா என்பதில் நூல்கள் பெரும்பாலும் மண்சாடியின் பக்கம். சுவர் வழியே நீர் ஆவியாகும் என்பது காரணம். இது உண்மை; ஆனால் ஆவியாதலின் வேகம் காற்றின் வறட்சியைப் பொறுத்தது. காற்றே ஈரம் சுமந்திருக்கும் ஜொகூரில், குறிப்பாக மழைநாட்களில், மண்சாடியின் நன்மை வறண்ட ஊர்களில் சொல்லப்படும் அளவுக்கு இருக்காது. துளை பெரிதாகவும் கலவை கரடாகவும் இருந்தால் மெருகிட்ட சாடியிலும் செடி நன்றாக வளரக்கூடும். சாடியின் மேற்பூச்சைவிட உள்ளிருக்கும் கலவைக்கே முதலிடம் தரலாம் என்பது என் மதிப்பீடு.

கலவையில் பாதிக்கு மேல் கரடுப்பொருள் இருப்பது நல்லது: பருமணல், செங்கல் நொறுக்கு, எரிமலைக்கல், கருக்கிய உமி. மலிவாகக் கிடைக்கும் தேங்காய் நார்த்தூள் தனியே பயன்படுத்தினால் நீரை மிகையாகப் பிடித்துக்கொள்ளும். மக்கும் பொருள்கள் இந்த வெப்பத்தில் விரைவில் சிதைந்து துளைகளை அடைக்கும் என்பதால், முதலில் நன்றாக வடிந்த சாடி இரண்டொரு ஆண்டில் தேங்கத் தொடங்கலாம். வளர்ப்பு முறை மாறாமலே செடி திடீரென வாடுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டைப் பற்றி விவாதிக்க ஒன்றுமில்லை. தேங்கிய நீர் வேரை அழுகச் செய்யும், ஏடிஸ் கொசுவையும் வளர்க்கும். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மலேசியாவில் அது தண்டனைக்குரிய குற்றமும் ஆகும்.

கூரைக்குக் கீழே, கரடுக் கலவையில் உள்ள செடிக்கு மண் பாதி ஆழத்துக்கு மேல் காய்ந்த பின் துளை வழியே வெளியேறும்வரை ஊற்றி நிறுத்துவது பொருத்தமான தொடக்கம். ஒளிக்கும் சாடிக்கும் ஏற்ப அது வாரம் ஒருமுறையாகவோ இரு வாரத்துக்கு ஒருமுறையாகவோ அமையலாம். மழை படும் இடத்தில் வேரூன்றிய செடிக்குத் தனியே நீர் தேவைப்படும் நாட்கள் அரிது.

அடி பருப்பது எதனால்?

வளர்ப்போர் உண்மையில் விரும்புவது பருத்த அடியை. அதைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் மோதுகின்றன. நீரைக் கட்டுப்படுத்தினால் செடி சேமிக்கக் கற்று அடியைப் பெருக்கும் என்பது ஒன்று. நீரும் உரமும் வெயிலும் தாராளமாகக் கொடுத்தால்தான் எல்லாப் பகுதியும் வளரும், அடியும் பெருக்கும் என்பது மற்றொன்று. முளைத்து வரும் நாற்றிலேயே அடி உருண்டு நிற்பதால், பருப்பது செடியின் பிறவி இயல்பு, பஞ்சத்துக்கான எதிர்வினை மட்டுமன்று என்று சொல்லலாம். திசு வளர ஒளிச்சேர்க்கையின் விளைபொருள் வேண்டும். நீரின்றி அது குறையும். இந்த வகையில் இரண்டாவது தரப்பின் வாதம் வலுவானது. ஆனால் நிழலில் நீர் மிகுந்து வளர்ந்த செடியின் தண்டு மெலிந்து நீள்வதையும் மறுக்க முடியாது. பலர் நீரின் மேல் போடும் பழியில் ஒரு பங்கு ஒளிக்குறைவைச் சேர வேண்டியதாக இருக்கலாம். முகப்பு மண்டபத்தின் நிழல் மழையிலிருந்து காக்கிறது, ஆனால் வெயிலையும் தடுக்கிறது. ஒளி ஊடுருவும் கூரை இரண்டையும் ஓரளவு தீர்க்கும்.

நுனியை வெட்டிப் பல தலைகள் வரச்செய்யும் நர்சரி வழக்கத்துக்கும் இங்கே ஒரு சொல். வெட்டுவாய் காயும்வரை மழை படாமல் காப்பது ஈர நாட்டில் கட்டாயம். வெட்டுவாயில் தேங்கும் நீர் மேலிருந்து கீழே அழுகலைக் கொண்டுவரும். அடியைத் தொட்டுப் பார்த்து உறுதியைச் சோதிப்பவர்கள் அதைக் கடைசியில்தான் கண்டுகொள்வார்கள்.

இன்னும் தீராதவை

வளர்ப்பு முறை பற்றிய விவாதம் சிறியதாகத் தோன்றலாம்; செடியின் நிலைமை அப்படியில்லை. உலகமெங்கும் சாடியில் காணப்படும் இந்த இனம் தாயகத்தில் அருகி வருகிறது. காட்டிலிருந்து விதையும் நாற்றும் எடுக்கப்படுவதும் காடு அழிவதும் காரணங்கள். 2016இல் ஜோகனஸ்பர்க்கில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்த மாநாடு பியூகார்னியா பேரினம் முழுவதையும் வணிகக் கட்டுப்பாட்டுக்குரிய இரண்டாம் பட்டியலில் சேர்த்தது. வெராகுரூஸின் ஹலாபா நகரிலுள்ள சூழலியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் திசு வளர்ப்பில் இதைப் பெருக்கும் முறையை 2005இல் வெளியிட்டார்கள். ஜொகூரில் அழுகி வீணாகும் ஒவ்வொரு செடிக்கும் ஈடாக இன்னொன்று எங்கிருந்தோ வரவேண்டும் என்பதால், சரியாக வளர்ப்பதும் பாதுகாப்பின் ஒரு பகுதிதான்.

நீர் பற்றிய கேள்வியில் வடிகாலை முதன்மைப்படுத்தும் தரப்பின் நிலை இப்போதைக்கு உறுதியானது. தாயகத்தின் மழைக்கணக்கு, மண் இயற்பியல், புளோரிடா அனுபவம் மூன்றும் அதன் பக்கம் சாய்கின்றன. ஆனால் அந்தத் தரப்பும் ஒன்றை நிறுவவில்லை: நல்ல வடிகால், நீண்ட வறட்சிக்கு முழுமையான மாற்றாகுமா? சில ஆண்டு நலமாக நிற்பது வேறு, தாயகத்தில் நூற்றாண்டுகளைக் கடக்கும் மரத்தின் முழு வாழ்நாள் வேறு. பூப்பது பற்றிய ஐயம் இன்னும் பெரிது. ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகளாக உள்ள இனம் இது. முதிர்ந்த பிறகே பூக்கும். விதை பிடிக்க இரண்டும் அருகருகே ஒரே காலத்தில் பூக்க வேண்டும். தாயகத்தில் வறட்சியும் மழையும் மாறி மாறி வருவது அந்த ஒருங்கிசைவுக்கு உதவுகிறதா, பருவமற்ற பூமத்திய ரேகைப் பகுதியில் அது சிதறுமா என்பதை அறிய, நடப்பட்ட ஆண்டு, சாடி, கலவை, கூரை, பூத்த மாதம் ஆகியவற்றைக் குறித்துவைத்த நீண்டகாலப் பதிவுகள் வேண்டும். சாடியும் செடியும் கைமாறும் ஆயர் ஈத்தாம் போன்ற ஊர் அத்தகைய பதிவைத் தொடங்கப் பொருத்தமான இடம். அப்பதிவில் செத்த செடிகளையும் சேர்த்துக்கொண்டால்தான் மழையில் விட்டுவிடும் வழக்கத்தின் உண்மையான கணக்கு தெரியவரும்.